பூதேவ் பிசைந்த பெருங்காயம்

பெருங்காயத்துக்குப் பேர்போன வடநாட்டு ஊரான ஹாத்ரஸில் பூதேவ் தெருவுக்குள் நுழைந்தால் ஆள் வருவதற்கு முன்பே வாசனை வந்துவிடும். பெருங்காயம் பிசைவதுதான் அவருக்குத் தொழில். வெளிநாட்டிலிருந்து தோல் பையில் வருகிற பால் பெருங்காயத்தைச் சிமெண்டுத் தொட்டியில் கரைத்து, மைதாவையும் பிசினையும் கொட்டி, முழங்கை வரை கையை விட்டுப் பிசைவார். பதம் வந்ததும் உருட்டி, மொட்டை மாடியில் காயப்போடுவார்கள். எந்த சோப்புக்கும் அந்த வாசனை போனதில்லை. பஸ்ஸில் யாராவது மூக்கைச் சுளித்தால் பூதேவ் விடமாட்டார். "ஏன் அண்ணே, உங்க வீட்டுல பருப்பைத் தாளிக்காமலா சாப்பிடுறீங்க?" என்று கேட்டு வாயடைத்துவிடுவார்.

தொழிலில் அவருக்கு அத்தனை பெருமை. தொட்டியின் ஓரத்தில் ஒட்டி நிற்கிற துணுக்குகளைச் சுரண்டி எடுத்துக்கொள்ள முதலாளி நேமிசந்த் லாலா அனுமதித்திருந்தார். அதனால் பூதேவ் வீட்டில் பெருங்காயத்துக்குப் பஞ்சமே கிடையாது. அவர் மனைவி ஓம்வதி பருப்பில் போடுவாள், உருளைக்கிழங்கில் போடுவாள், மோரில் போடுவாள். ஒரே மகள் மித்லேஷ் சாதாபாத் பக்கம் உருளைக்கிழங்கு விவசாயம் செய்கிற குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டபோது சீர்வரிசையோடு ஒரு டப்பா பெருங்காயமும் போனது. தீரத் தீர அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மகள் ஒரு மழைக்காலத்தில் பிறந்த வீட்டுக்கு வந்து இறங்கினாள். பஸ் நிலையத்தில் காத்திருந்த பூதேவ், எதிரே வந்து நின்றவளை யாரோ என்று விலகி, பின்னால் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தார்.

"பாபூ, நான் இங்க நிக்கிறேன்" என்றாள் அவள்.

குரல் மட்டும்தான் மித்லேஷுடையது. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தி, கையில் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. வயிறு மட்டும் உப்பியிருந்தது. பூதேவ் பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

சாப்பிடுவது எதுவும் தங்குவதில்லை என்றாள் மகள். வயிற்றுப்போக்கு, வாயெல்லாம் புண், எழுந்து நின்றால் தலைச்சுற்றல். கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியும் குழந்தை இல்லை. மாமியார் ராம்சிரி ஊரில் இருக்கிற எல்லா மருந்தையும் கொடுத்துப் பார்த்துவிட்டு, "உங்க பொண்ணை நீங்களே வச்சுத் தேத்தி அனுப்புங்க" என்று அனுப்பிவிட்டாள். கணவன் புஷ்பேந்திரா நல்லவன்தான். ஆனால் அம்மா எதிரில் வாய் திறக்கமாட்டான்.

அலிகரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். ரத்தம் எடுத்தார்கள், தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் முடிந்து அங்கிருந்த டாக்டரம்மா நிதானமாகச் சொன்னாள்.

"இந்தப் பொண்ணுக்குக் கோதுமை ஆகாது. அதுல குளூட்டன்னு ஒண்ணு இருக்கு. மாவைப் பிசைஞ்சா இழுவையா வருதே, அதுதான். அது இவ குடலை அரிச்சு வச்சிருக்கு. இனிமே கோதுமையைத் தொடக்கூடாது."

"எத்தனை நாளைக்கும்மா?" என்று கேட்டாள் ஓம்வதி.

"ஆயுசுக்கும்."

ஓம்வதி சிரித்துவிட்டாள். டாக்டர் ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் அவள் நினைத்தாள். டாக்டரின் முகம் மாறாததைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"கோதுமை இல்லாம மனுஷன் எதைம்மா திங்கிறது?" என்றார் பூதேவ். அவருக்கு அது கோபமாகவே வந்தது. பிறந்த நாளிலிருந்து காலையில் பராட்டா, மதியம் ரொட்டி, ராத்திரி ரொட்டி. விருந்தாளி வந்தால் பூரி. செத்தாலும் பூரிதான்.

"ஏன், தெற்கே பாதி நாடு சோறு சாப்பிட்டுத்தானே உசிரோட இருக்கு? அரிசி சாப்பிடலாம். கம்பு, சோளம், மக்காச்சோளம், கடலை மாவு, பருப்பு, காய்கறி, பால், முட்டை எல்லாம் சாப்பிடலாம். ரொட்டி, பூரி, ரவை, சேமியா, மைதா, பார்லி கூடாது. தலியாவும் கூடாது."

தலியா என்றதும் ஓம்வதி நிமிர்ந்தாள். மகள் வந்த நாளிலிருந்து வேளை தவறாமல் அவள் ஊட்டியதே தலியாக் கஞ்சிதான். உடம்பு முடியாதவர்களுக்கு அந்த ஊரில் வேறு எதைக் கொடுப்பார்கள்?

"அது கஞ்சியாச்சேம்மா. நோயாளிக்குக் கொடுக்கிறது."

"உடைச்ச கோதுமைதானே அது?" என்றாள் டாக்டர்.

ஓம்வதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எழுந்து வரும்போது டாக்டர் இன்னொன்றும் சொன்னாள். "பாக்கெட்டுல வர்ற மசாலா, நொறுக்குத் தீனி எதுவா இருந்தாலும் என்ன கலந்திருக்குன்னு பார்த்து வாங்குங்க."

"எங்க வீட்டுக்குப் பாக்கெட்டே வராதும்மா. எல்லாம் நான் கையால அரைக்கிறது" என்றாள் ஓம்வதி. சொல்லும்போது அவளுக்கு அதில் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது.

அன்றிலிருந்து வீடு தலைகீழானது. ரொட்டிக் கல், உருட்டுக் கட்டை, சல்லடை எல்லாம் மகளுக்குத் தனியாக வாங்கினார்கள். ஓம்வதி கம்பு ரொட்டியைக் கையாலேயே தட்டிப் போட்டாள். மித்லேஷ் மறுக்காமல் எல்லாம் சாப்பிட்டாள். கோதுமை ரொட்டி உப்பி எழும் வாசனை வரும்போது மட்டும் எழுந்து மாடிக்குப் போய்விடுவாள்.

வயிற்றுப்போக்கு குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. வாய்ப்புண் போவதும் வருவதுமாக இருந்தது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பிக்கொள்ளும். அப்போதெல்லாம் பூதேவ் தானே எழுந்து வருவார். வெந்நீரில் பெருங்காயத்தைக் கரைத்து மகளைக் குடிக்க வைப்பார். இன்னும் கொஞ்சத்தைக் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவச் சொல்வார்.

"வாயுவுக்கு இதைவிட மருந்து கிடையாது லல்லி. மத்தவங்க எல்லாம் கிள்ளிப் போடுவாங்க. உன் அப்பன் வீட்டுல அள்ளிக் குடிக்கலாம்."

லல்லி என்றுதான் அவளைச் சின்ன வயதிலிருந்து கூப்பிடுவார். அவளும் மூக்கைப் பிடித்துக்கொண்டு மடக்கென்று குடித்துவிடுவாள்.

மறுபடி அலிகருக்குப் போனபோது டாக்டர் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "எங்கேயோ கோதுமை உள்ளே போய்க்கிட்டே இருக்கு" என்றாள். "வீட்டுல கவனமாத்தானே இருக்கீங்க?"

"சாமி சத்தியமா" என்றாள் ஓம்வதி.

டாக்டர் மித்லேஷைப் பார்த்தாள். "ஆசைக்குக் கொஞ்சம் எடுத்துச் சாப்பிடுறியாம்மா? சொன்னா நான் திட்டமாட்டேன்."

"இல்லை" என்றாள் மித்லேஷ். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் பூதேவ் மனசில் அந்தக் கேள்வி தங்கிவிட்டது. போதாததற்கு ராம்சிரி போனில் பேசியபோது, "இங்கேயும் அப்படித்தான் சம்பந்தி. பார்க்காதப்போ எதையாவது வாய்ல போட்டுக்கிட்டுத்தான் இருப்பா. கேட்டா இல்லைம்பா" என்று ஊதிவிட்டாள்.

தசரா முடிந்த சமயம். மகள் முகம் வாடியே கிடக்கிறதே என்று பூதேவ் அவளைக் கடைவீதிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு தள்ளுவண்டியில் தோசை போடுகிறார்கள். மாவு எதைப் போட்டு அரைக்கிறாய் என்று விசாரித்தார். அரிசியும் உளுந்தும் தவிர ஒரு தூசி கிடையாது என்று அந்த ஆள் அடித்துச் சொன்னான். மாவுப் பாத்திரத்தைத் திறந்தும் காட்டினான். மித்லேஷ் ஒரு மசால் தோசை சாப்பிட்டாள். சாம்பார் ருசியாக இருக்கிறதென்று இரண்டு தரம் வாங்கிக் குடித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்ததைப் பார்த்துப் பூதேவுக்கு மனசு நிறைந்தது.

மறுநாள் அவளால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை.

பூதேவுக்கு என்ன ஆனதென்று அவருக்கே தெரியாது. மகளுக்கு எதிரே போய் நின்றார். "அரிசியும் உளுந்தும் தின்னா இப்படி ஆகாது. வேற என்ன தின்னே?"

"ஒண்ணும் தின்னலை பாபூ."

"டாக்டர் பொய் சொல்றாங்களா? ரத்தம் பொய் சொல்லுதா? நான் காலையிலேர்ந்து தொட்டியில நிக்கிறேன், உங்க அம்மா தனி அடுப்பு வச்சு சாகுறா. நீ திருட்டுத்தனமா ரொட்டி திங்கிற."

மித்லேஷ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஓம்வதிதான் நடுவில் வந்தாள். "உடம்பு முடியாத பொண்ணுகிட்ட பேசுற பேச்சா இது?" என்றாள். பூதேவ் காதில் வாங்கவில்லை. கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்தார். கோதுமை மாவு டின்னுக்குக் கொண்டி அடித்து, பூட்டி, சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டார். அதன் பிறகு ஒவ்வொரு வேளையும் மாவு பிசைவதற்கு ஓம்வதி அவரிடம் சாவி கேட்டு நின்றாள். மித்லேஷ் அந்த டின் இருக்கும் பக்கமே பார்க்கமாட்டாள். அப்பாவோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள். பெருங்காய வெந்நீரை மட்டும் கொடுத்தால் வாங்கிக் குடித்தாள்.

குளிர் ஆரம்பித்திருந்தது. ஒருநாள் பூதேவ் வேலைக்குப் போனபோது தொட்டிக்குப் பக்கத்தில் வழக்கமான மைதா மூட்டை இல்லை. வேறு மூட்டைகள் இருந்தன. தொட்டியை ஒரு கறை இல்லாமல் கழுவி வைத்திருந்தார்கள். நேமிசந்த் லாலாவே நேரில் வந்து நின்றார். வழக்கமாகக் கல்லாவை விட்டு எழமாட்டார்.

"இன்னிக்கு அரிசி மாவுல பிசையணும் பூதேவ்" என்றார்.

"அரிசி மாவுல பிடிக்காதே லாலாஜி. உதிருமே."

"பிசினைக் கொஞ்சம் கூட்டிப் போடு. வெளிநாட்டு ஆர்டர். மைதா ஒரு பொட்டுகூட இருக்கக்கூடாதுன்னு கண்டிஷன் போட்டிருக்கான்."

"மைதா என்ன பண்ணுச்சு அவனை?"

"அங்க நிறைய பேருக்குக் கோதுமை ஆகாதாம்ப்பா. குடலை அரிச்சிடுதாம். நம்ம பெருங்காயத்துல கோதுமை இருக்கிறதால அவங்க தொடவே மாட்டேங்கிறாங்களாம்."

பூதேவின் கைகள் தொட்டிக்குள் இருந்தன. பாலும் தண்ணீரும் கலந்த குழம்பு விரலிடுக்கில் வழிந்துகொண்டிருந்தது. கையை எடுக்கவும் தோன்றவில்லை, பிசையவும் தோன்றவில்லை.

மைதா கோதுமையிலிருந்து வருகிறதென்று அவருக்குத் தெரியாதா? மூட்டை மூட்டையாக அவர்தான் கொட்டினார். பாலைவிட மாவுதான் அதிகம் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் தொட்டிக்குள் கொட்டின பிறகு அதை அவர் மைதா என்று நினைத்ததே கிடையாது. பிசைந்து முடித்தால் அது பெருங்காயம். நாக்கில் வைத்தால் பெருங்காயம், முகர்ந்தால் பெருங்காயம். அதற்குள் கோதுமை உயிரோடு உட்கார்ந்திருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

பருப்பு ஞாபகம் வந்தது. உருளைக்கிழங்கு, மோர், ஊறுகாய், அப்பளம், தள்ளுவண்டிச் சாம்பார் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைசியாக வெந்நீர் ஞாபகம் வந்தது. மகளின் தலையைத் தாங்கிப் பிடித்து, இன்னும் ஒரு மடக்கு, இன்னும் ஒரு மடக்கு என்று தன் கையாலேயே ஊற்றியது. அது நினைவுக்கு வந்ததும் பூதேவ் தொட்டிக்கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்னப்பா, மயக்கமா?" என்றார் லாலா.

"லாலாஜி, நான் என் பொண்ணுக்கு அதைத்தான் கொடுத்துக்கிட்டிருந்தேன்."

லாலாவுக்கு முதலில் புரியவில்லை. மித்லேஷின் வியாதி அவருக்கும் தெரிந்த விஷயம்தான்; இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை. விளங்கியதும் அவரும் பக்கத்தில் கிடந்த மூட்டை மேல் உட்கார்ந்தார். "நானும்தானேடா சுரண்டி எடுத்துக்கோன்னு சொன்னேன்" என்றார். மற்ற ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கை கழுவக்கூடத் தோன்றாமல் பூதேவ் வீட்டுக்கு நடந்தார். பாதி வழியில் சட்டையைக் குனிந்து பார்த்தார். தோளிலும் மார்பிலும் பழைய மைதா வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. இதே சட்டையோடுதான் தினமும் சமையலறையில் போய் உட்காருவார். வாசலிலேயே சட்டையைக் கழற்றி வெளியே எறிந்தார்.

உள்ளே ஓம்வதி மகளுக்குப் பருப்பு தாளிக்க நெய்யைக் காய வைத்திருந்தாள். ஒரு கையில் பெருங்காய டப்பா இருந்தது.

"அதைப் போடாதே" என்றார்.

"எதை? ஏன் சட்டையில்லாம நிக்கிறீங்க?"

"பெருங்காயத்தைப் போடாதே. அதுல கோதுமை இருக்கு. பாதிக்கு மேல கோதுமைதான்."

ஓம்வதி டப்பாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பெருங்காயம் செடிப் பால்னு நீங்கதானே சொல்வீங்க?"

"பால்தான். அதை மைதாவுலதானேடி பிசையுறேன். நான்தானேடி பிசையுறேன்."

நெய் புகைய ஆரம்பித்தது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை. உள்ளறையிலிருந்து மித்லேஷ் வந்து அடுப்பை அணைத்தாள். எல்லாவற்றையும் அவள் கேட்டிருக்க வேண்டும். அம்மாவின் கையிலிருந்து டப்பாவை வாங்கித் திறந்து, முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"அப்ப அந்த வெந்நீரு?" என்றாள்.

பூதேவ் ஆமென்று தலையசைத்தார்.

மித்லேஷ் அழவில்லை, கத்தவுமில்லை. அப்பாவுக்கு எதிரே வந்து உள்ளங்கையை நீட்டினாள். "சாவியைக் கொடுங்க பாபூ."

பூணூலில் போட்ட முடிச்சு இறுகிப்போயிருந்தது. பெருங்காயம் ஒட்டிய விரலால் அவருக்கு அதை அவிழ்க்க வரவில்லை. அவளே கிட்டே வந்து நகத்தால் நெம்பி அவிழ்த்தாள். அப்போதுதான் பூதேவ் பேசினார். "நீ தின்னலைன்னு சொன்னப்ப நம்பியிருக்கணும் லல்லி. திருடின்னு சொல்லிட்டேன்."

"சொன்னீங்க" என்றாள். பிறகு, "கையைக் கழுவிட்டு வாங்க, அதோட என்னைத் தொடாதீங்க" என்றாள். அதில் கோபம் எவ்வளவு, எச்சரிக்கை எவ்வளவு என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கொல்லைக்குப் போய்ப் பம்பை அடித்துக் கை சிவக்கத் தேய்த்தார்.

அன்று மாலைக்குள் அந்த வீட்டிலிருந்து ஊறுகாய் ஜாடி, அப்பளக் கட்டு, சூரண உருண்டை, கடையில் வாங்கிய கார சேவு எல்லாம் வெளியேறின. சேவு கடலை மாவுதானே என்று ஓம்வதி எடுத்து வைக்கப் பார்த்தாள். அதை முகர்ந்து பார்த்துவிட்டு அவளே வெளியே வைத்தாள். பெருங்காயம் மணந்தது. பக்கத்து வீட்டுக்காரி, "என்ன அக்கா, வீடா மாத்துறீங்க?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொல்லியும் அவள் நம்பவில்லை. ஹாத்ரஸில் இருந்துகொண்டு பெருங்காயத்தைக் குறை சொல்கிறார்களே என்று தெரு முழுக்கச் சிரித்தார்கள். அலிகருக்குப் போய்ச் சொன்னபோது டாக்டர் சிரிக்கவில்லை. "மசாலாவைப் பார்த்து வாங்குங்கன்னு சொன்னேனே" என்றாள். "பாக்கெட்டுன்னீங்க. எங்க பெருங்காயம் என் மடியில வந்துச்சும்மா" என்றார் பூதேவ்.

வேலையை விட்டுவிடலாமா என்று பூதேவ் நினைத்தார். அந்த வயதில் வேறு எந்த வேலைக்குப் போவது? லாலா, பட்டறையிலேயே குளித்து உடை மாற்றிக்கொள்ள ஒரு மறைப்பு கட்டிக் கொடுத்தார். வெளிநாட்டு ஆர்டர் முடிந்ததும் பூதேவ் தொட்டியில் பழையபடி மைதாவைக் கொட்டிப் பிசைந்தார். ஆனால் பிசையும்போது பேசுகிற பேச்செல்லாம் போய்விட்டது. பஸ்ஸில் யாராவது மூக்கைச் சுளித்தால் எழுந்து தள்ளி நின்றுகொண்டார்.

பெருங்காயம் இல்லாத பருப்பு முதலில் யாருக்கும் இறங்கவில்லை. சீரகமும் பூண்டும் கூட்டிப் போட்டு ஓம்வதி ஒருவழியாகப் பழக்கினாள். மித்லேஷின் வாய்ப்புண் ஆறியது. குளிர் முடிவதற்குள் வளையல் மணிக்கட்டிலேயே நின்றது. ஒருநாள் கம்பு ரொட்டியும் கீரையும் சாப்பிட்டுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். அதைக் கேட்டு ஓம்வதி அடுப்படியில் திரும்பி நின்று அழுதாள்.

சித்திரை நவராத்திரிக்கு ராம்சிரி புஷ்பேந்திராவோடு மருமகளைப் பார்க்க வந்தாள். வாசலில் நின்ற மித்லேஷை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யார் வீட்டுப் பொண்ணும்மா நீ?" என்றாள் கேலியாக. அவள் விரதம். அரிசி, கோதுமை தொடமாட்டாள்; குதிரைவாலி விரதத்துக்கு ஆகும். ஓம்வதி குதிரைவாலிச் சோறும், குளத்தில் விளைகிற நீர்க்காயை உலர்த்தி அரைத்த மாவில் பூரியும், உருளைக்கிழங்கும் செய்து இரண்டு தட்டில் போட்டு, ஒன்றை மித்லேஷுக்கு வைத்தாள்.

"இவளும் விரதமா?"

"இவளுக்கு ஆயுசுக்கும் விரதம்தான் சம்பந்தி" என்றாள் ஓம்வதி. "நீங்க விரதத்துல சாப்பிடுற எதுலயும் கோதுமை கிடையாது. அத்தனையும் இவளுக்கு ஆகும்."

ராம்சிரி கையில் எடுத்த பூரியை அப்படியே வைத்திருந்தாள். வருஷத்துக்கு இரண்டு நவராத்திரி இந்த மருமகளோடு உட்கார்ந்து விரதம் இருந்திருக்கிறாள். அந்த நாட்களில் மட்டும் பெண் சிரித்த முகமாக இருப்பாள். அம்மன் அருள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வந்தாள்.

"அப்ப அது அம்மன் அருள் இல்லையா, சாப்பாடா?" என்றாள் மெதுவாக.

அப்போது பூதேவ் சுவரோரமாக நின்று சொன்னார். "சம்பந்தி, திருட்டுத் தீனின்னு நீங்களும் சொன்னீங்க, நானும் சொன்னேன். ரொட்டியை நிறுத்துன பிறகும் அவளுக்குக் கோதுமை கொடுத்தது நான்தான். என் பெருங்காயத்துல இருந்துச்சு. உங்க வீட்டுக்கும் நான்தான் டப்பா டப்பாவா அனுப்பினேன்."

ராம்சிரிக்கு வாய் நீளம். அன்று அவள் பூரியைத் தட்டில் வைத்துவிட்டுத் தலைகுனிந்தாள். புஷ்பேந்திராதான், "அந்த டப்பாவை என்ன பண்றது?" என்று கேட்டான். "அழுகின உருளைக்கிழங்கு கொட்டுற குழியில கொட்டுங்க" என்றாள் மித்லேஷ். அவர்களோடு போகிறேன் என்று அவளேதான் சொன்னாள். தனி ரொட்டிக் கல், தனி அடுப்பு என்றும் சொன்னாள். கேட்பதாக இல்லை, சொல்வதாகத்தான் இருந்தது. ராம்சிரி தலையாட்டினாள்.

குழந்தை இன்னும் இல்லை. பிறக்கும், பொறுங்கள் என்கிறாள் டாக்டர். போன வாரம் மித்லேஷ் போனில் அம்மாவிடம் ஒரு கதை சொன்னாள். கோயிலில் பூசாரி பிரசாதம் நீட்டினாராம். ராம்சிரி மருமகள் கையைத் தன் கையால் மறைத்துக்கொண்டு, இதில் என்ன மாவு என்று கேட்டாளாம். அல்வா என்றாராம் பூசாரி. ரவையா, கடலை மாவா என்றாளாம். சாமி பிரசாதத்தில் இதென்ன கேள்வி என்று அவர் கோபித்துக்கொண்டாராம். "சாமிக்குக் குடல் நல்லா இருக்கு பண்டிட்ஜி, என் மருமகளுக்கு இல்லை" என்று ராம்சிரி சொல்லப் போய், வரிசையில் நின்றவர்களெல்லாம் சண்டைக்கு வந்துவிட்டார்களாம்.

ஓம்வதி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பூதேவ் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "கடைசியில அது என்ன மாவாம்?" என்றார்.

"ரவைதானாம்."

அவர் எழுந்து கொல்லைக்குப் போய், ஏற்கெனவே கழுவியிருந்த கையை மறுபடி கழுவினார்.